நாலில் ஒன்று

சிவபிரகாஷ் திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு சாலையில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் நாகல் நகரில், ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தான். டியூஷனைத் தொடங்கும்போது கணக்கு அவனுக்கு, இயற்பியல் அவன் மனைவி பானுப்ரியாவுக்கு என்றுதான் பேச்சு. அவள் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். அவனைவிட நன்றாக நடத்துவாள். மகள் தமிழ்மதி ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றி நிற்காமல் போனபோது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. பானு டியூஷனை விட்டாள். இயற்பியலும் அவன் தலையில் விழுந்தது. சீரான முடுக்கத்தில் ஓடும் பொருளின் சமன்பாடுகளை வீட்டில் அவளிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போய் மாடியில் நடத்துவான்.

பானு அவனுக்குத் தாய்மாமன் மகள். அவன் ஏழாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். எரியோட்டுப் பக்கம் முருங்கையும் வெங்காயமும் போடுகிற மாமன் உடையப்பன்தான் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், பி.எட். வரை படிக்க வைத்தார், பெண்ணையும் கொடுத்தார். வெளியில் கொடுக்க எனக்கு மனசில்லை, என் அக்கா மகன் இருக்கும்போது நான் எதற்கு வெளியே பார்க்க வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி சிவபிரகாஷுக்குப் பழக்கமில்லை.

மதுரையில் ஐரின் என்ற டாக்டர்தான் கடைசியில் நோயின் பெயரைச் சொன்னார். தண்டுவடத்தில் தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும். புத்திக்கு ஒரு குறையும் இருக்காது. உட்காருவாள், நிற்க மாட்டாள். போகப் போக உட்காருவதும் சிரமமாகும், பிறகு மூச்சு. மருந்து இருக்கிறதா என்று பானு கேட்டாள். இருக்கிறது என்று சொல்லி விலையையும் சொன்னார் டாக்டர். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. அவர் அதை முன்பும் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவர் ஒரு தாளில் நாலு வட்டம் போட்டார். அப்பாவிடமும் அம்மாவிடமும் பழுதான மரபணு ஒன்று மறைந்து கிடக்கிறது. அது அவர்களை ஒன்றும் செய்யாது. இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால்தான் நோய். அப்படிச் சேர்வதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. நீங்கள் அக்கா தம்பி பிள்ளைகள் என்பதால் ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்திருக்கிறது, உங்கள் அம்மா வழியாக உங்களுக்கு, அவருடைய தம்பி வழியாக உங்கள் மனைவிக்கு என்றார். அடுத்த குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம், தயவுசெய்து அதற்கு வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஊருக்கு வந்ததும் மாமனிடம் நாலில் ஒன்று என்பதை மட்டும் சொன்னார்கள். அது யார் வழியாக வந்தது என்பதைச் சொல்லவில்லை.

தமிழ்மதி வளர்ந்தாள். வாய் ஓயாத பிள்ளை. சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போனாள். வீட்டு வாசல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம் என்பதால் அவளுக்காகச் சரிவுப் பாதை ஒன்று கட்ட வேண்டியிருந்தது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே பத்தடிதான் இடம். கொத்தனார் நேராக ஒரு சரிவைப் போட்டுக் காயவைத்துவிட்டுப் போனார். பானு டேப்பைப் பிடித்து அளந்து, சுவரிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டாள்.

"வி ஸ்கொயர் இஸ் ஈக்குவல் டு யு ஸ்கொயர் பிளஸ் டூ ஏ எஸ். மேல இருந்து விடுறப்ப யு ஜீரோ. உராய்வை விட்டுட்டாக் கீழ வரையில செகண்டுக்கு மூணு மீட்டர் மச்சான். நீங்க பஸ்ஸுக்கு ஓடுற வேகம். கேட்டுல போய் மோதுவா."

அதை இடித்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வளைத்துக் கட்டலாம் என்றான் அவன். தமிழ்மதி அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள். அவளுக்கு அந்தச் செங்குத்துதான் பிடித்திருந்தது. கடைசியில் வளைவாக ஒன்றைக் கட்டினார்கள், பழையதையும் இடிக்காமல் விட்டார்கள். சாயங்காலம் டியூஷனுக்குக் கிளம்புமுன் அவன் கீழே கேட்டருகில் கால் அகட்டி நிற்பான். பானு மேலேயிருந்து நாற்காலியை விடுவாள். அந்த இரண்டு வினாடி நேரம் அந்தப் பிள்ளையை யாரும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், யாரும் தூக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். தலைமுடி பின்னால் பறக்க வந்து அப்பன் கையில் விழுவாள். இன்னொரு தடவை என்பாள்.

அவளுக்கு ஏழு வயதாகும்போது பானு மறுபடி உண்டானாள். திட்டமிட்டு நடந்ததில்லை. வேண்டாம் என்றுதான் இருவரும் இத்தனை வருடம் இருந்தார்கள். டாக்டர் ஐரினுக்குப் போன் செய்தார்கள். அவர் சோதனைக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்.

செய்தி தெரிந்ததும் உடையப்பன் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து இறங்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. சோதனையைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு அது விளங்கவில்லை.

"நாலுல ஒண்ணுன்னுதான மாப்ள டாக்டரம்மா சொன்னாக? அந்த ஒண்ணுதான் நமக்கு மொதல்லயே வந்துருச்சே. இனி வர்ற மூணும் நல்லாத்தான் பொறக்கும். வயித்துல ஊசியைக் கொண்டி விட்டுக் குத்திக்கிட்டுக் கெடக்கணுமா?"

சிவபிரகாஷ் வாயைத் திறந்தான். அப்படி இல்லை மாமா என்று சொல்ல அரை நிமிடம் போதும். பானு அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மாமன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அவனுக்குக் கை வரவில்லை. பார்ப்போம் மாமா என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் டியூஷனில் நிகழ்தகவு நடந்துகொண்டிருந்தது. சார்பிலா நிகழ்ச்சிகள். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்துக்கு அவன் ஒரு ரூபாய்க் காசு கொண்டு போவான். தொடர்ந்து ஐந்து தடவை தலை விழுந்துவிட்டது, ஆறாவது தடவை என்ன விழும் என்று கேட்பான். பிள்ளைகள் எல்லாரும் பூ என்று கத்துவார்கள். அப்போதுதான் சொல்வான்: காசுக்கு ஞாபகம் கிடையாது. முன்னால் விழுந்தது எதுவும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முதல் தடவைதான். அந்த வருடமும் அதையே சொன்னான். சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்துவிட்டுக் கீழே வந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சோதனைக்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், தமிழ்மதி பள்ளியிலிருந்து வருமுன், அரை நாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்த அவனருகில் பானு வந்து உட்கார்ந்தாள்.

"இருக்குன்னு வந்தா என்ன செய்வோம் மச்சான்?"

கலைத்துவிடலாம் என்றான். அந்த வார்த்தையை அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"நம்ம மதி பெரியவளாகி வந்து கேட்டா? உன்னைய மாதிரியே இருந்துச்சு, அதான் வேணாம்னுட்டோம்னு சொல்லுவமா?"

  அந்தக் கேள்வி கேட்கப்பட்டதில் அவனுக்குள் எங்கோ ஒரு ஆறுதல் இருந்தது. போகாமலிருக்க இப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. நோய் வர நாலில் ஒன்று என்றால் வராமலிருக்க ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் போதும். நாலில் மூன்று. எழுபத்தைந்து சதவீதம். எந்தப் பிள்ளை வாங்கினாலும் நல்ல மார்க்தான். அவன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் அவர்கள் மதுரைக்குப் போகவில்லை.

தமிழ்மதி அம்மாவின் வயிற்றின் மேல் கன்னத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள். பாப்பா வந்ததும் மடியில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கப் போவதாகத் திட்டம் போட்டாள். ரெண்டு பேர் வெயிட்டுக்கு இன்னும் ஸ்பீடாகப் போகும் இல்லையா என்று கேட்டாள். போகாது, எம்புட்டு வெயிட்டாக இருந்தாலும் அதே வேகம்தான் என்று பானு சொன்னபோது அவள் அதை நம்பவே இல்லை.

பையன் பிறந்தான். உடையப்பனின் அப்பா பெயரான பொம்மையன் என்பதையே வைத்தார்கள். தமிழ்மதிக்கு அவன் பொம்மு. தொட்டில் சேலை கிழிகிற மாதிரி உதைத்தான். சிவபிரகாஷ் தினமும் காலையில் பல் விளக்கிய கையோடு வந்து பிள்ளையின் உள்ளங்காலில் விரலால் கீறுவான். கால் வெடுக்கென்று மடங்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் காப்பி இறங்கும். உடையப்பன் வரும்போதெல்லாம் பேரனின் காலைத் தன் நெஞ்சில் வைத்து உதைக்கச் சொல்லி, நான் சொன்னேனா இல்லையா மாப்ள என்பார். பிறந்ததும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர் ஐரின். நல்லாத்தானே உதைக்கிறான், தடுப்பூசி முடியட்டும், மழை விடட்டும் என்று பானு தள்ளிப் போட்டாள். அவனும் வற்புறுத்தவில்லை.

முதலில் கண்டுபிடித்தது தமிழ்மதி.

பொம்மு உட்காரப் பழகியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் பாயில் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். அவன் அதை வாங்கக் கை நீட்டினான்.

"அப்பா, இங்க பாருங்க. பொம்மு கையும் என் கை மாதிரியே ஆடுது."

சிவபிரகாஷ் பார்த்தான். நீட்டிய பிஞ்சு விரல்கள், காற்றில் நூல் ஆடுவதுபோல, மெல்லியதாக நடுங்கிக்கொண்டிருந்தன. தமிழ்மதி தன் கையையும் அதன் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். இரண்டும் ஒரே மாதிரி ஆடின. அவளுக்கு அதில் அத்தனை பெருமை. என் தம்பி என்னைய மாதிரி என்றாள்.

அவன் பானுவிடம் அதைச் சொல்லவில்லை. பசியாக இருக்கும், அதனால் நடுங்கியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அடுத்த நாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பையனைக் கட்டிலின் விளிம்பில் கால் தொங்க உட்கார வைத்து, தன் கண்ணாடிக் கூட்டின் விளிம்பால் முழங்காலுக்குக் கீழே தட்டினான். டாக்டர் ரப்பர் சுத்தியால் தட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். நல்ல கால் என்றால் தானாகத் துள்ள வேண்டும். கால் சும்மா தொங்கியது. சரியான இடத்தில் தட்டத் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, பள்ளியில் தேர்வு என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பானு அதே கட்டில் விளிம்பில், அதே மாதிரி பையனை உட்கார வைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பால் அவன் முழங்காலுக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், பார்ப்பாள், கொஞ்சம் இடம் மாற்றித் தட்டுவாள். பையன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சிவபிரகாஷ் நிற்பது தெரிந்ததும் அவள் கரண்டியை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அதை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். ரொம்ப நாளாகவா என்று கேட்டான். ஒரு மாதமாக என்றாள். அவன் அவளருகில் உட்கார்ந்தான். பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

மதுரைக்கு உடையப்பனும் கூட வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் ஐரின் அவரையும் உள்ளே உட்கார வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, நாலில் ஒன்றுதானே சொன்னீர்கள், எப்படி இரண்டு என்பதுதான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்று அர்த்தமில்லை ஐயா. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாலில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்ததா இல்லையா என்பது இரண்டாவதை எதுவும் செய்யாது. பிறகு, அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, மரபணு அக்கா வழியாகவும் தம்பி வழியாகவும் வந்ததையும் சொல்லிவிட்டார். உடையப்பன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

 திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் அவர் மடியில் தூங்கினான். வாடிப்பட்டி தாண்டி, கொடைரோடு தாண்டி, திண்டுக்கல் வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்கடைகளுக்குப் பக்கம் கொஞ்சம் கூட்டமில்லாத இடமாகப் பார்த்து நின்றார்.

"நீ கணக்கு வாத்தியாருதான மாப்ள. நான் கூறுகெட்டுப்போய்ச் சொன்னேன். உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும் மாமா என்றான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்போது பானு சொன்னாள்.

"எனக்கும்தான் தெரியும்ப்பா. யாராச்சும் அப்படிச் சொல்ல மாட்டாகளான்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க."

அவள் அழவில்லை. பையனை அவரிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் தமிழ்மதிக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதான், தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து போனது. அவளுக்கு இருமி வெளியேற்ற நெஞ்சில் வலு இல்லை. சளி நுரையீரலில் இறங்கி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் வைத்து, பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் போன பிள்ளையாகத் திரும்பி வரவில்லை. முதுகு நிற்கவில்லை. நாற்காலியில் வார் போட்டுக் கட்டினாலும் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பள்ளிக்கூடம் நின்றது. செங்குத்துச் சரிவை இடித்துவிடச் சொல்லி அவளே ஒரு நாள் சொன்னாள். கொத்தனார் வந்து இடித்துச் சல்லியை மூட்டை கட்டி எடுத்துப் போனார்.

உடையப்பன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளையும் தூக்க ஆள் வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க, குளிப்பாட்ட, நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்க என்று நாள் முழுக்க வேலை. பானுவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. சிவபிரகாஷ் டியூஷனை விட்டுவிட்டான். மாடி அறையை வேறு ஒரு வாத்தியார் எடுத்துக்கொண்டார். பானுவும் அவனும் சண்டை போடவில்லை. ஒருவரையொருவர் குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று அவனுக்குச் சில சமயம் தோன்றும். மருந்து எத்தனை மணி, யாருக்கு எவ்வளவு என்பதைத் தவிர அவர்களுக்குள் பேச எதுவும் மிச்சமில்லை.

ஒரு நாள் காலை பையனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த உடையப்பன் கேட்டார்.

"மூணாவதா ஒண்ணு பொறந்தாலும் அதே நாலுல ஒண்ணுதானா மாப்ள?"

சிவபிரகாஷ் திடுக்கிட்டு, நாங்கள் ஆபரேஷன் செய்துகொண்டோமே மாமா என்றான்.

"அதுக்குக் கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கிறதுக்கு."

அதேதான் மாமா, ஒவ்வொரு தடவையும் அதேதான் என்றான்.

அவர் பையனின் தொடையை நீவிக்கொண்டே யோசித்தார். எண்ணெய் பட்டுப் பளபளத்த அந்தக் கால் அவர் பிடித்த பக்கமெல்லாம் போனது.

"அப்ப இதுவரைக்கும் நாம பட்டது எதுவும் கணக்குல வராதா?"

"வராது மாமா."

அவர் தலையை ஆட்டினார். உள்ளிருந்து தமிழ்மதி இருமும் சத்தம் கேட்டது. இருமல் என்று சொல்ல முடியாது, அந்த அளவுக்கு வலுவில்லை. பானு அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். சிவபிரகாஷ் எழுந்து போனான். பள்ளிக்குக் கிளம்ப அவன் இன்னும் சாப்பிடவில்லை, பஸ் போயிருக்கும். உடையப்பன் பையனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் ஒரு சுற்று நடத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார். யாரை நடத்திவிட்டு என்று யாரும் கேட்கவில்லை.